தவிடு யாருக்கு?

தமிழர் வீடுகளில் பிள்ளைகளைக் கேலி செய்ய ஒரு பேச்சு உண்டு. "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்பார்கள். தவிட்டைவிட மலிவான பண்டம் வேறில்லை என்பது அதன் கருத்து. அந்தத் தவிட்டைப் பற்றித்தான் இன்று தோட்டத் தோழர்களோடு பேச விரும்புகிறோம். சம்பளமும் ஒப்பந்தமும் பேசவேண்டிய தொழிற்சங்கப் பத்திரிகையில் தவிட்டுக்கும் கோழிக்கும் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கடைக்குப் போய் ஒரு தட்டு முட்டை வாங்கிவரும் தாய்மார்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

நாம் சொல்ல வந்தது இதுதான்: நெல் ஆலையில் கழியும் தவிடும் நொய்யும் கோழிக்கு நல்ல தீனி. ஆயினும் ஒரு குடும்பம் தனியாக வாங்கி அதனால் பயன் காண்பது அரிது; முப்பது குடும்பங்கள் சேர்ந்து வாங்கினால் பயன் நிச்சயம். ஆகவே இது சங்கத்தின் வேலை.

முட்டையின் விலை எங்கே பிறக்கிறது?

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க முடியாது. கோழி கிடைக்காமல் மக்கள் கடை கடையாக அலைந்தார்கள். அந்த ஆண்டு ஜூன் 1 முதல் அரசாங்கம் கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. மாதம் 36 லட்சம் கோழிகள் வெளிநாடு போய்க்கொண்டிருந்தன என்பதும் அப்போதுதான் பலருக்குத் தெரியவந்தது. பிறகு 2023 நவம்பர் 1 அன்று கோழிக்கான உச்சவிலை நீக்கப்பட்டது. 2025 ஆகஸ்ட் 1 அன்று முட்டைக்கு இருந்த விலைக் கட்டுப்பாடும் உதவித்தொகையும் நீங்கின. இனிச் சந்தை சொல்வதுதான் விலை.

சந்தைக்கு அந்த விலையைச் சொல்லிக் கொடுப்பது எது? கோழித் தீனிதான். கோழி வளர்ப்பதற்கு ஆகும் செலவில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பங்கு தீனிக்கே போகிறது. அத்தீனியில் பெரும்பகுதி மக்காச்சோளமும் சோயாவும். நம் நாட்டுக் கோழிகள் தின்னும் மக்காச்சோளம் பெரும்பாலும் அர்ஜெண்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் கப்பலேறி வருவது. 2022 பிப்ரவரியில் உக்ரேனில் போர் மூண்டது. உலகச் சந்தையில் தானிய விலை ஏறியது. நம் தோட்டத்துக் கடையில் முட்டை விலையும் ஏறியது. எங்கோ வெடித்த குண்டு வெட்டுக்காட்டுத் தொழிலாளியின் சோற்றுத் தட்டில் வந்து விழுந்தது என்றால் அது மிகையாகாது.

அதே வேளையில் நம் கையெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது? கெடா மாநிலத்தின் வடபகுதி நெல்வயல். தென்பகுதியில் சுங்கைப் பட்டாணி, கூலிம், பாலிங் பக்கமெல்லாம் ரப்பர். பேராவில் கிரியான் நெல் விளையும் பூமி. சிலாங்கூரில் தஞ்சோங் காராங்கும் செகிஞ்சானும் இருக்கின்றன. இங்கெல்லாம் நெல் ஆலைகள் உண்டு. நூறு கிலோ நெல்லை ஆலையில் இட்டால் சுமார் 20 கிலோ உமியாகவும் 8 முதல் 10 கிலோ வரை தவிடாகவும் கழியும். மீதி அரிசி, அதில் உடைந்தது நொய். தவிட்டைத்தான் மலாய் அன்பர்கள் டெடாக் என்கிறார்கள். அதில் பெரும்பகுதி தீவன ஆலைகளுக்கும் பெரிய பண்ணைகளுக்கும் போகிறது. அரைத்துக் கலந்து, அச்சடித்த சாக்கில் கட்டப்பட்டு, வேறு விலையில் நம்மிடமே திரும்பி வருவதும் உண்டு. அருகில் மலிவாய் இருப்பதை ஊர் சுற்றி வந்தபின் வாங்குவது நம் வழக்கமாகிவிட்டது.

தவிட்டின் பெருமையைக் காட்டியது கோழிதான்

தவிடு வெறும் கழிவு என்று நினைப்போருக்கு ஒரு வரலாறு சொல்லவேண்டும். அது நடந்த இடங்களில் நம் நாடும் ஒன்று.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி என்ற நோய் மலாயாவில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. கால் மரத்துப்போகும், வீங்கும், இதயம் நிற்கும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்களே மிகுதியாக மாண்டார்கள். அதன் காரணத்தை முதலில் காட்டிக் கொடுத்தவை ஜாவாவின் கோழிகள். இன்று ஜக்கார்த்தா எனப்படும் பத்தேவியாவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் 1890ஆம் ஆண்டுகளில் இந்நோயை ஆராய்ந்து வந்தார். அவர் வளர்த்த கோழிகள் திடீரென்று கால் விளங்காமல் விழுந்தன. சில மாதம் கழித்துத் தாமாகவே தேறின. விசாரித்ததில் உண்மை வெளிப்பட்டது. பட்டாள மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டு வந்திருக்கிறார்கள். புதிதாக வந்த சமையற்காரர் பட்டாளத்துச் சோற்றைப் பட்டாளத்தைச் சேராத கோழிகளுக்குத் தரமுடியாது என்று மறுத்துவிட்டாராம். அதன்பின் தீட்டாத மலிவு அரிசி தின்ற கோழிகள் பிழைத்துக்கொண்டன! தீட்டி எறிந்த தவிட்டில்தான் உயிர்காக்கும் பொருள் இருந்தது. அதை இன்று பி1 உயிர்ச்சத்து என்கிறோம். ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் நாட்டிலும் இதைச் சோதித்தார்கள். 1905இல் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் டாக்டர் பிளெட்சர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளைப் பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார். பச்சரிசி உண்டவர்களில் பலர் நோயுற்று 18 பேர் மாண்டார்கள். புழுங்கல் அரிசி உண்டவர்களில் அந்நோயால் ஒருவரும் சாகவில்லை. கேட்க நாதியற்ற ஏழைகளின் உயிரை விலையாகக் கொடுத்துப் பெற்ற அறிவு அது. 1907இல் தொடங்கி நெகிரி செம்பிலானில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர்களிடையே பிரேசர், ஸ்டாண்டன் என்ற இரு மருத்துவர்கள் செய்த சோதனையும் இதையே உறுதி செய்தது.

அக்காலத்தில் தமிழ்த் தொழிலாளர்களிடையே பெரிபெரி அரிதாக இருந்ததை மருத்துவர்கள் கண்டு வியந்தார்கள். நம் பாட்டனார் பெரும்பாலும் புழுங்கல் அரிசி உண்டதே அதற்குக் காரணம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. லயத்தில் எத்தனையோ கொடுமைகளுக்கு ஆளான நம் மக்களை அந்த ஒரு நோயிலிருந்து காத்தது தவிட்டின் சத்துதான். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை என்று இனி யாரும் ஏளனமாகச் சொல்லவேண்டாம்.

தவிட்டின் குணமும் குற்றமும்

பெருமை பேசியது போதும். தவிடு ஒன்றையே கொட்டிக் கோழி வளர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அது ஏமாற்று. தவிட்டில் நூற்றுக்கு 12 முதல் 15 பங்கு வரை புரதம் உண்டு. எண்ணெயும் ஏறக்குறைய அதே அளவோ சற்று அதிகமோ உண்டு. ஆனால் நார் மிகுதி. அதிலுள்ள மணிச்சத்தில் பெரும்பகுதி கோழியால் எடுத்துக்கொள்ள இயலாத வடிவில் கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்புச் சத்தோ இல்லையென்றே சொல்லலாம். ஒரு முட்டையின் ஓட்டில் மட்டும் 2 கிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தவிடு மட்டும் தின்னும் பெட்டைக்கோழி தன் எலும்பைக் கரைத்து முட்டையிடும். பிறகு முட்டையிடுவதையே நிறுத்திக்கொள்ளும்.

ஆகவே அளவு வேண்டும். வளர்ந்த பெட்டைக்கோழிக்குத் தீனியில் ஐந்தில் ஒரு பங்கு தவிடு போதும். குஞ்சுகளுக்கு அதில் பாதி. பத்துக் கிலோ தீனி கலப்பதாக வைத்துக்கொள்வோம். தவிடு 2 கிலோ. நொய் அல்லது உடைத்த மக்காச்சோளம் 6 கிலோ. சோயாப் பிண்ணாக்கு ஒன்றரைக் கிலோ. மீன் தூள் அரைக் கிலோ. இதில் புரதம் நூற்றுக்கு 16, 17 வரை வரும். முட்டையிடும் கோழிக்கு அது போதுமானது. மீன் தூள் இல்லையென்று உப்புக் கருவாட்டை இடித்துப் போடக்கூடாது. மிகுந்த உப்பு கோழிக்கு நஞ்சு. கெராங் சிப்பி ஓட்டைக் கழுவி, வெயிலில் காயவைத்து, இடித்துத் தனித் தட்டில் வைக்கவேண்டும். தனக்கு வேண்டிய அளவைக் கோழியே கொத்திக்கொள்ளும். முருங்கைக் கீரை போன்ற பச்சிலையும் நாள்தோறும் வேண்டும். தண்ணீர் எப்போதும் இருக்கவேண்டும்.

வாங்கும்போதும் விழிப்பு வேண்டும். தவிட்டில் உமியை அரைத்துக் கலந்து எடையைக் கூட்டுகிற வியாபாரிகளும் உண்டு. உமியில் கோழிக்கு ஆவது ஒன்றுமில்லை. நல்ல தவிட்டைக் கையில் இறுகப் பிடித்தால் பிடியாக நிற்கும். சொரசொரவென்று உதிர்ந்தால் உமி மிகுதி என்று அறியலாம். ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தால் உமி மேலே மிதக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய குற்றம் ஒன்று உண்டு. பச்சை நெல்லின் தவிடு விரைவில் கெடும். ஆலையிலிருந்து வெளிவந்த அன்றே அதிலுள்ள எண்ணெய் சிதையத் தொடங்கிவிடும். நம் நாட்டு வெப்பத்தில் சில நாளிலேயே காறல் நாற்றம் வீசும். அதைக் கோழி வெறுக்கும். தின்றாலும் சத்து குறையும். சட்டியில் நன்றாக வறுத்து ஆறவைத்தால் இன்னும் சில நாள் தாங்கும். புழுங்கல் நெல்லின் தவிடு, முன்பே அவிந்திருப்பதால், இதைவிட அதிக நாள் நிற்கும். ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்த தீனியை மட்டும் எக்காரணத்தாலும் கொடுக்கலாகாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் பிடித்திருந்த பூஞ்சணத்தின் நஞ்சே அதற்குக் காரணம். வீணாகிறதே என்று பூஞ்சணத் தீனியைக் கோழிக்குக் கொட்டுவது சிக்கனமாகாது.

கிராணி போட்ட கணக்கு

இனிக் கணக்குக்கு வருவோம். பெரட்டுக்கு ஆள் கணக்கும் பால் எடையும் எழுதிப் பழகிய கை, கோழிக் கணக்கையும் போட்டுப் பார்த்தது.

முட்டையிடும் கோழி ஒன்று நாளைக்கு 110 கிராம் தீனி தின்னும் என்று வைப்போம். பத்துக் கோழிக்கு நாளைக்கு 1,100 கிராம். முப்பது நாளைக்கு 33 கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு தவிடு என்றால் மாதத்துக்கு 6 கிலோ 600 கிராம். ஒரு குடும்பம் 50 கிலோத் தவிட்டு மூட்டை ஒன்றை வாங்கினால் அது தீர ஏழு மாதத்துக்கு மேலாகும். தவிடோ ஒரு வாரத்தில் காறும். அப்படியானால் ஒரு குடும்பம் மூட்டை வாங்குவது காசைக் குப்பையில் கொட்டுவதாகும். வாரம் ஒன்றரைக் கிலோ கொடு என்று ஆலைக்குப் போனால் ஆலைக்காரர் திரும்பியும் பார்க்கமாட்டார். தோட்டத்து ஆள் தவிட்டை விட்டு விலகி, சாக்குத் தீவனத்தைச் சில்லறை விலையில் வாங்குவதன் இரகசியம் இதுதான். அவர் சோம்பேறியும் அல்லர், அறியாதவரும் அல்லர். தனியாக நிற்கிறார், அவ்வளவே.

இப்போது முப்பது குடும்பங்கள் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். மாதத்துக்கு 990 கிலோத் தீனி, ஏறக்குறைய ஒரு டன். அதில் தவிடு 198 கிலோ. அதாவது வாரத்துக்கு 50 கிலோ மூட்டை ஒன்று. திங்கட்கிழமை வரும் மூட்டை ஞாயிற்றுக்கிழமை தீர்ந்துவிடும். காறுவதற்கு நேரமே இல்லை. நொய்யும் பிண்ணாக்கும் மொத்த விலைக்குக் கிடைக்கும். ஒரு லோரி வாடகையை முப்பது பேர் பங்கிட்டுக்கொள்ளலாம். தவிடு தன் இயல்பினாலேயே கூட்டுறவைக் கேட்கிற பண்டம். தனியாளிடம் கெடும், கூட்டத்திடம் பயன்படும்.

காசுக் கணக்கை நாம் இங்கே எழுதவில்லை. விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். தோட்டக் கமிட்டி ஒவ்வொன்றும் தன் வட்டாரத்து ஆலையில் தவிட்டு விலை, கடையில் சாக்குத் தீவன விலை, முட்டை விலை மூன்றையும் விசாரித்து எழுதிப் பார்க்கட்டும். இலாபமில்லை என்று கணக்கு சொன்னால் விட்டுவிடலாம். கணக்குப் பார்க்காமலே விடுவதுதான் கூடாது.

எதிர்ப்புக்கு நம் பதில்

"சங்கம் சம்பள உயர்வுக்குப் போராடட்டும், கோழி வளர்க்கச் சொல்லிக் கொடுப்பது நிர்வாகத்துக்குத்தான் வசதி" என்று சில தோழர்கள் சொல்வார்கள். இந்த வாதத்தை நாம் இலேசாக ஒதுக்கவில்லை. தொழிலாளி வீட்டுப் பின்புறத்தில் நாலு கத்தரிச் செடியும் இரண்டு கோழியும் நின்றால், இவர்களுக்கு என்ன குறை, சம்பளம் எதற்கு உயர்த்தவேண்டும் என்று பேசும் முதலாளிகள் உண்டு. ஆகவே தெளிவாகச் சொல்லிவைக்கிறோம்: கோழி இடும் முட்டை தொழிலாளி குடும்பத்தின் மிகை உழைப்பால் வருவது. நிர்வாகம் கொடுத்த கொடை அன்று. அதைச் சம்பளக் கணக்கில் ஒரு காசுக்கும் சேர்க்க எவருக்கும் உரிமையில்லை. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் ஒரு குடும்பத்தை நடத்தப் போதுமா என்ற கேள்வி, கோழி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்படியே நிற்கும். பேச்சுவார்த்தை மேசையில் கோழியின் பெயர் வந்தால் சங்கப் பிரதிநிதி எழுந்து நின்று மறுக்கவேண்டும்.

அதற்காகப் பிள்ளைகளின் தட்டில் முட்டை இல்லாமல் காத்திருக்கவேண்டுமா? மழை பெய்தால் வெட்டு இல்லை. இலை உதிரும் மாதங்களில் பால் குறைவு. அந்நாட்களிலும் கோழி முட்டையிடும். பிடிக்கும் பண்டம் ஒன்று வீட்டில் இருந்தால் நெருக்கடி நாளில் தொழிலாளியின் முதுகு சற்று நிமிரும். நிமிர்ந்த முதுகு சங்கத்துக்கும் நல்லது.

"மனிதருக்குப் போகவேண்டிய அரிசியைக் கோழிக்குப் போடுவதா?" என்பார் வேறு சிலர். நியாயமான கேள்வி. சோற்றுக்கு ஆகும் நொய்யை மனிதரே உண்ணட்டும். அதற்குப் பதில் மக்காச்சோளம் இருக்கிறது. தவிட்டுக்கு அந்தத் தடை இல்லை. மனிதர் தட்டிலிருந்து தவிட்டைப் பிடுங்க வேண்டியதில்லை. அதை நாம் உண்பதுமில்லை.

"கோழியால் லயத்தில் சண்டை வரும், நாற்றம் வரும், நோய் வரும்" என்பது மூன்றாவது எதிர்ப்பு. அவிழ்த்துவிட்ட கோழியால் அண்டை வீட்டோடு மனத்தாங்கல் வருவது உண்மை. 2004இல் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் கண்டதும் உண்மை. ஆகையால்தான் அவரவர் வாசலில் மேயவிடாமல், வீடுகளுக்குத் தள்ளி, கமிட்டி குறித்த இடத்தில் கம்பி வலைக் கூண்டுகளில் வளர்க்கவேண்டும் என்கிறோம். அந்த இடத்தைத் தரும்படி நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேட்கவேண்டும். அனுமதியில்லாமல் கட்டி, பிறகு இடிபடுவதைக் கண்டு வயிறெரிய வேண்டாம். கோழிகள் கூட்டமாகச் சாகத் தொடங்கினால் மறைக்காமல் கால்நடைச் சேவைத் துறைக்கு அறிவிப்பது கடமை.

ஒன்றையும் ஒளிக்கவில்லை: நாட்டுக்கோழி, ஆண்டுக்கு முந்நூறு முட்டை வரை இடும் பண்ணைக்கோழிக்கு ஈடாகாது. பத்துக் கோழியால் எவரும் பணக்காரராகப் போவதில்லை. பிள்ளைகளுக்கு வாரம் சில முட்டை, பண்டிகைக்கு ஒரு சேவல், மிஞ்சினால் கடைக்குக் கொஞ்சம். நாம் உறுதி சொல்வது இவ்வளவே.

செய்யவேண்டியது

முதலாவது, ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் கோழி வளர்க்க விரும்பும் குடும்பங்களின் பட்டியலை எடுக்கட்டும். தமிழர் என்றும் மலாய்க்காரர் என்றும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர் என்றும் பார்க்கவேண்டாம். ஒரே காட்டில் உழைப்பவருக்கு ஒரே மூட்டையில் பங்கு உண்டு. இரண்டாவது, அருகிலுள்ள நெல் ஆலையோடு வாரம் ஒரு நாள் புதுத் தவிடு தருவதற்குப் பேசி முடிக்கட்டும். மூன்றாவது, கிராணிமார் கணக்கை ஏற்கட்டும். வாங்கியது, பங்கிட்டது, வந்த காசு மூன்றும் அறிவிப்புப் பலகையில் மாதந்தோறும் வெளிவரவேண்டும். கூட்டுக் காரியம் கெடுவது பெரும்பாலும் கணக்கு இருட்டில் இருப்பதால்தான். நான்காவது, மருத்துவக் குறிப்பும் தீனி அளவும் அறிய கால்நடைத் துறை அதிகாரியைத் தோட்டத்துக்கு அழைக்கட்டும். கேட்டால் வருவார்கள், கேட்பதற்குத்தான் ஆளில்லை.

தோட்டத் தொழிலாளியால் கூட்டுறவு நடத்த முடியுமா என்ற சந்தேகம் நமக்கு வேண்டாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் நடுத்தெருவில் நின்ற காலத்தில், 1960இல், துன் சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். மாதச் சம்பளத்திலிருந்து சிறுசிறு தொகை எடுத்துக் கொடுத்தவர்கள் பால்மரம் வெட்டியவர்களே. அந்தச் சிறு தொகைகள் தோட்டங்களை வாங்கின. தோட்டத்தை வாங்கிய கைக்கு ஒரு மூட்டைத் தவிடு பாரமா?

வருகிற கமிட்டிக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இதை ஒரு வரியாகச் சேருங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். சம்பளம், வீடு, குடிநீர் எல்லாவற்றையும் பேசியபின் பத்து நிமிடம் இதற்கும் ஒதுக்குங்கள். விருப்பமுள்ள குடும்பங்கள் எத்தனை, அருகிலுள்ள ஆலை எது, மூட்டை என்ன விலை என்ற மூன்று கேள்விக்கும் பதில் எழுதியபின் கூட்டத்தைக் கலையுங்கள்.